கேட்டால் எடுத்துவிடலாம்

கள்ளிப்பாறை மத்தியச் சிறையின் சாம்பாரில் உப்பு இல்லை. கிடங்கிலிருந்து உப்பு மூட்டை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அது வரவேயில்லை. அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த உலகம்மை, மதியம் கைதிகளோடு வரிசையில் நின்று தட்டை நீட்டி வாங்கி, முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்தாள்.

“இதுல உப்பே இல்லையே அண்ணாச்சி?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டாள்.

“ஆமா மேடம். இல்லதான்,” என்றார் அவர், அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே. நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் மாசானம். வெளியே இருந்த காலத்தில் நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருந்தவர்.

“எத்தன நாளா இப்படி?”

“அது ஆச்சு, ஒரு வாரத்துக்கு மேல.”

“யாரும் கேக்கலையா?”

மாசானம் கையை நிறுத்தி யோசித்தார். கேட்கலாம் என்பதே அப்போதுதான் மனதில் பட்டது போலிருந்தது. “கேட்டுருக்கலாம்தான்,” என்று சொல்லிச் சிரித்தார். அவர் தலையைத் திருப்பியபோது இடது காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வெள்ளித் தகடு தெரிந்தது.

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதுக்குப் பின்னாலும் அது இருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் சினத்தணிப்பான். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஜனங்கள் பொட்டு என்றே சொன்னார்கள். மூளையில் கோபம் கிளம்புகிற இடத்தை அது கவனித்துக்கொண்டே இருக்கும். கிளம்பியது தெரிந்ததும், நாக்குக்கோ கைக்கோ வந்து சேருவதற்குள் ஒரு மெல்லிய மின்துடிப்பால் அமர்த்திவிடும். அன்பைத் தொடாது, அழுகையைத் தொடாது, சிரிப்பையும் பசியையும் தொடாது. கோபத்தை மட்டும்தான். முதலில் சிறைகளில் வைத்துப் பார்த்தார்கள். அடிதடி நின்றது. பிறகு காவலர்களே எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு ரத்தக்கொதிப்பு இறங்கிற்று, வீட்டில் மனைவிமார் நிம்மதியாகத் தூங்கினார்கள். அங்கிருந்து அலுவலகங்களுக்கும் பேருந்துகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பந்தியில் சம்பந்திக்கு அப்பளம் விட்டுப்போனதற்காகக் கல்யாண வீடு இரண்டுபட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது.

இப்போது பொட்டு வைக்காதவர்கள் இரண்டே வகை. சந்தையில் பேரம் பேசிப் பிழைக்கிறவர்கள் ஒன்று. உலகம்மையைப் போல வீம்பு பிடித்தவர்கள் இன்னொன்று.

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு ஆகாது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். அந்தக் கோபத்தால் ஏற்கெனவே இரண்டு வேலைகளுக்கு முழுக்குப் போட்டாயிற்று. மூன்றாவதாகக் கிடைத்தது இது. சட்டப்படி ஒவ்வொரு சிறையிலும் ஒரு குறைகேட்பு அலுவலர் இருந்தாக வேண்டும். குறை சொல்லவே ஆள் இல்லாத இடத்துக்குக் குறை கேட்க யார் வருவார்கள்? பதவி வெகுகாலம் காலியாகக் கிடந்தது. விண்ணப்பித்தவள் அவள் ஒருத்திதான்.

சிறைக் கண்காணிப்பாளர் தேவசகாயம் அவளைத் தன் அறைக்கே அழைத்துக் காப்பி கொடுத்து வரவேற்றார். தங்கமான மனுஷர். “மொதல் மாசம் தகுதிகாண் காலம்மா. அதுவரைக்கும் உங்களுக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. மாசக் கடைசில பொட்டு வச்சுக்கிட்டீங்கன்னா வேலை நிரந்தரம், அதிகாரமும் வந்துரும்.”

“பொட்டு வச்சாத்தான் கையெழுத்து போட முடியுமா சார்?”

“கோவத்துல யாரும் எதுலயும் கையெழுத்து போட்டுறக் கூடாது பாருங்க,” என்றார் அவர் கனிவாக. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. “பயப்படாதீங்க. பிடிக்கலன்னா எப்ப வேணாலும் எடுத்துக்கலாம். எடுத்துட்டாலும் நிரந்தரம் நிரந்தரந்தான், வேலைக்கு ஒண்ணும் ஆகாது. டாக்டர் ரவூப்கிட்ட கேட்டாப் போதும், எடுத்துருவாரு.”

உலகம்மை தன் அறைக்குப் போனதும் முதல் வேலையாகக் கிடங்குக்குத் தொலைபேசினாள். எதிர்முனையில் இருந்தவர், “ஆமா மேடம், உப்பு அனுப்பணும். அனுப்பலாம்,” என்றார் இனிமையாக. “என்னைக்கு அனுப்பலாம்? நீங்க வீட்டுல உப்பில்லாமத்தான் திங்கீங்களா? இன்னும் ஒரு மணி நேரத்துல வண்டி இங்க வந்து நிக்கணும்!” என்று அவள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த காவலர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். அந்தச் சிறையில் சத்தம் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. வண்டி வந்தது. சாயங்காலச் சோற்றில் உப்பு இருந்தது. நானூறு பேரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்கள்.

அவள் அறை வாசலில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கென்று ஒரு நீள பெஞ்சு போட்டிருந்தது. அதில் யாரும் வந்து உட்காரவில்லை. ஆகவே அவளே ஒவ்வொரு கொட்டடியாகப் போனாள். ஒருவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்றால் வலிக்கிறது என்றார். மருத்துவரிடம் போனீர்களா என்றால் இல்லை என்றார். இன்னொருவருக்குத் தலைமாட்டில் ஓடு உடைந்து மழை ஒழுகியது. அவர் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். கேட்காத எதையும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஒருநாள் தோட்டத்தில் மாசானத்தைப் பார்த்தாள். ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது. அவர் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

“நீங்க எப்ப அண்ணாச்சி வெளிய போறீங்க?”

“நானா? எனக்குப் பொங்கலுக்கு முன்னாடியே முடிஞ்சிட்டு மேடம்.”

“என்னது முடிஞ்சிட்டு?”

“தண்டனைதான். அஞ்சு வருசம் போட்டாவ. நன்னடத்தைக் கழிவெல்லாம் போவ மார்கழியோட முடிஞ்சிது.” குடத்தைச் சாய்த்து அடுத்த செடிக்கு ஊற்றினார். “பக்கத்துக் கடைக்காரன வீல் ஸ்பேனரால அடிச்சிட்டேன். வாசல்ல தண்ணி கொட்டுனான்னு ஒரு சண்டை. அவன் வலது கை போயிட்டு. பாவம்.”

“பொங்கலுக்கு முன்னால முடிஞ்சிருந்தா, இப்ப இங்க என்ன செய்யுதீங்க?”

“தண்ணி ஊத்துதேன்,” என்றார் மாசானம்.

உலகம்மைக்கு உள்ளங்கால் சுட்டது. நேரே விடுதலைப் பிரிவுக்கு ஓடினாள். அங்கே இருந்த எழுத்தர் பெண் எழுந்து நின்று நாற்காலி போட்டாள். மாசானம் பெயரைச் சொன்னதும் திரையைத் திருப்பிக் காட்டினாள். கணக்குப்பொறி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. மாசானத்தின் பெயர் சிவப்பில் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் இன்னும் சில பெயர்கள் மின்னின.

“ஆமா மேடம், இருக்கு. மார்கழில இருந்து மின்னுது.”

“அப்ப ஏன் விடல?”

“அவரு வந்து கேக்கலியே,” என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் கள்ளம் இல்லை.

யோசித்துப் பார்த்தபோது உலகம்மைக்குப் புரிந்தது. எந்தச் சிறையிலும் என்றைக்கும் அலுவலகம் நாளை எண்ணியதில்லை. எண்ணியவன் கைதி. நாள் நெருங்க நெருங்க அவன் போகிற வருகிற காவலரையெல்லாம் பிடித்துக்கொள்வான், கத்துவான், கம்பியைத் தட்டுவான், சோறு வேண்டாம் என்று தட்டை வீசுவான். அந்தத் தொல்லை தாங்காமல்தான் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும். நம் ஊரில் எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு யாரும் வந்து நிற்காமல் தானாக நகர்ந்திருக்கிறது? பொட்டு வந்தது, தொல்லை நின்றது. தொல்லைதான் இத்தனை காலமும் வேலையை நடத்தியது என்பது பொட்டைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கண்காணிப்பாளர் அறையில் அவள் கத்தியது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். “ஒரு மனுசன ஆறு ஏழு மாசமாச் சும்மா அடைச்சு வச்சிருக்கீங்க! இது அநியாயம்னு உங்க ஒருத்தருக்கும் தோணலையா?”

தேவசகாயம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எழுந்து போய் அவரே ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. ரொம்பத் தப்பு. விடுதலைப் பிரிவுல இருந்து வரிசைப்படி வரட்டும், போட்டுறலாம்.”

“எப்ப வரும்?”

“வரும்மா,” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. வருத்தப்படுகிறார் என்பதும் தெரிந்தது, கண்கூடக் கலங்கியிருந்தது. ஆனால் அந்த வருத்தம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது, எழுந்து நடக்கவில்லை. சட்ட உதவி மையத்துக்குப் பேசினாள். அங்கிருந்த வழக்கறிஞரும் நூற்றுக்கு நூறு சரி என்றுதான் சொன்னார். வெளியே வந்து சுவரில் சாய்ந்து உலகம்மை அழுதாள். கோபம் வந்தால் அவளுக்கு அழுகையும் சேர்ந்து வரும்.

விதிகளைப் புரட்டியபோது ஒரு வழி இருந்தது. நிரந்தரமான குறைகேட்பு அலுவலர், கைதியின் உறவினர் யாராவது நேரில் வந்திருந்தால், தன் கையெழுத்திலேயே விடுதலை ஆணை போடலாம். கண்காணிப்பாளரையோ வரிசையையோ பார்த்துக் காத்திருக்க வேண்டாம். நிரந்தரம் ஆவதற்குத்தான் பொட்டு வேண்டும். பொட்டு வைத்த பிறகு, இந்தக் கையெழுத்தைப் போட வேண்டும் என்ற வேகம் இருக்குமா? அதை நினைத்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாசானத்தின் அக்கா பேச்சித்தாய் பார்க்க வந்தாள். சந்தையில் கருவாடு விற்கிறவள். காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. உலகம்மை விஷயத்தைச் சொன்னதும் அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“அடப்பாவிகளா! என்னமோ தண்டனையக் கூட்டிப் போட்டுட்டாவன்னுல நெனச்சேன்! அவங்கிட்ட கேட்டா, ‘நல்லாருக்கேன்க்கா, என்ன அவசரம்’ங்கான். பங்குனில எங்க அம்மா செத்துப் போனா தாயி. ஒரே மவன். தகவல் சொன்னேன். அழுதான். அழுதுட்டு, ‘சரிக்கா, நீங்க எடுத்துருங்க’ன்னுட்டான். சித்தப்பா மவன் கொள்ளி வச்சான். அப்பம் இவன் வெளிய இருந்துருக்க வேண்டியவனா?”

“ஆமாக்கா.”

பேச்சித்தாய் மாரில் அடித்துக்கொண்டாள். உலகம்மை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தன் திட்டத்தைச் சொன்னாள். மாசக் கடைசி நாள் காலையில் உலகம்மைக்குப் பொட்டு வைப்பார்கள். ஆணையை முந்தின நாளே தயார் செய்து வைத்துவிடுவாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி இருக்கும். பேச்சித்தாய் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

“நான் என்ன சொன்னாலும் நீங்க எந்திரிக்கக் கூடாது. நாளைக்கு வாங்கன்னு சொல்லுவேன். சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவேன். மயங்கிராதீங்க.”

“நீ ஏந் தாயி எங்களுக்காக அத ஒட்டிக்கிடணும்?”

“எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. கையெழுத்து போட்ட அன்னைக்கே டாக்டர்ட்ட கேட்டு எடுத்துருவேன். அப்புறம் எனக்கு அதிகாரமும் இருக்கும், கோவமும் இருக்கும். மீதி ஆளுக வீட்டையெல்லாம் தேடிப் புடிச்சு ஒவ்வொருத்தரா வெளிய விட்டுருவேன்.”

“எடுக்க மறந்துராத.”

“நானா? என் கோவத்த நானே மறப்பனா?” என்று உலகம்மை சிரித்தாள்.

அந்த நாள் வந்தது. டாக்டர் ரவூப் ஈரப் பஞ்சால் காதுக்குப் பின்னால் துடைத்தார், தகட்டை வைத்து அழுத்தினார், ஒரு சின்னச் சுருக் வலி. அவ்வளவுதான். உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மாசானத்தை நினைத்துப் பார்த்தாள், பாவமாக இருந்தது. அவர் தாயாரை நினைத்தாள், அழுகை வந்தது. நான் நானாகத்தான் இருக்கிறேன் என்று நிம்மதி வந்தது. படி இறங்கும்போதுதான் கவனித்தாள். சிறு வயதிலிருந்து நெஞ்சுக்குழியில் எப்போதும் இருந்த இறுக்கம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நிற்பது போல இருந்தது. ஐயோ, இவ்வளவு சுகத்தையா இத்தனை வருஷம் வேண்டாம் என்றேன் என்று நினைத்தாள்.

அறையில் பேச்சித்தாய் காத்திருந்தாள். உலகம்மை அவளுக்கு டீ சொன்னாள். திரையில் ஆணை தயாராக இருந்தது. படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. விரலை வைத்தால் போதும்.

“அக்கா, இத சாயங்காலமாப் போட்டுக்கலாமா? இன்னைக்குத்தான் வேலை நிரந்தரம் ஆயிருக்கு. சார் கிட்ட ஒரு வார்த்த கலந்துட்டுச் செஞ்சா நல்லாருக்கும்.”

பேச்சித்தாய் அவளை உற்றுப் பார்த்தாள். “இப்பம் போடு தாயி.”

“போடத்தான் போறேன். இத்தன நாளு இருந்தாரு, ஒரு ராத்திரியில என்ன ஆயிரப் போவுது? நாளைக்குக் காலைல மொத ஆளா வாங்க.”

“நான் எந்திரிக்க மாட்டேன்.”

“பஸ்ஸு போயிருமேக்கா,” என்றாள் உலகம்மை, நிஜமான அக்கறையோடு.

அப்புறம் அந்த அறையில் நடந்தது ஒருதலைச் சண்டை. பேச்சித்தாய் மேசையைத் தட்டினாள். சாபம் விட்டாள். சந்தையில் அளவு குறைத்தவனைப் பேசுகிற பேச்செல்லாம் பேசினாள். உலகம்மைக்கு எதுவும் உறைக்கவில்லை. இந்த அக்கா எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்று வருத்தம்தான் வந்தது. தண்ணீர் கொடுத்தாள். எதற்காக இவளை இன்று வரச் சொன்னோம் என்று நன்றாக நினைவிருந்தது. ஆனால் அது யாரோ ஒரு தோழி சொல்லிவிட்டுப் போன காரியம் போல இருந்தது. செய்யலாம், செய்ய வேண்டியதுதான், இப்போதே என்றுதான் இல்லை. மதியம் போயிற்று. பேச்சித்தாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் அவள் கத்துவதை நிறுத்திவிட்டு உலகம்மையின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீதான தாயி சொன்ன, எந்திரிக்காதீங்கன்னு. ஒன் பேச்சத்தான் கேக்கேன்.”

“ஆமா, நாந்தான் சொன்னேன்,” என்றாள் உலகம்மை. ஒப்புக்கொள்வதில் அவளுக்கு ஒரு தடையும் இல்லை. பேச்சித்தாய் அந்தக் கையை மடியிலிருந்து தூக்கித் திரைக்கு நகர்த்தியபோது உலகம்மை அதைத் தடுக்கவும் இல்லை. விரலைத் தானே அழுத்தினாள். ஆணை பச்சையானது.

விடுதலையாகிறவர்களுக்கு மருத்துவ அறையில்தான் பொட்டை எடுப்பார்கள். மாசானம் துணி மூட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் ரவூப் சின்ன இடுக்கி போன்ற கருவியை வைத்து ஒரு திருகு திருகினார். தகடு கையோடு வந்தது.

கொஞ்ச நேரம் மாசானம் அசையாமல் இருந்தார். பிறகு அவர் முகம் கறுத்தது. மூட்டையைத் தூக்கிச் சுவரில் எறிந்தார்.

“எங்கம்மா!” என்றார். அதற்கு மேல் வார்த்தை வராமல் மூச்சு வாங்கினார். “எங்கம்மா செத்தப்பம் நான் கத்தரிச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தேன்! கொள்ளி வைக்க வேண்டியவன்! யாரு… யாருல என்னய உள்ள வச்சது? நீதான அதிகாரி? ஒனக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் இத்தன நாளா என்ன புடுங்கிட்டு இருந்த?”

“நீங்க கேக்கது சரிதான் அண்ணாச்சி,” என்றாள் உலகம்மை. அவள் கண்ணிலும் நீர் நிறைந்திருந்தது. “ரொம்பத் தப்பு நடந்துபோச்சு.”

பேச்சித்தாய் தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “யாரப் பாத்துல கத்துத? அந்தப் புள்ள இல்லன்னா ஒன்னய இங்கயே பொதைச்சிருப்பாவ. ஒனக்கு ஒரு கையெழுத்து போடணும்னு அவளே அந்தக் கழுதப் பொட்டக் காதுல ஒட்டிக்கிட்டு வந்து நிக்கா!”

மாசானம் எழுந்து உலகம்மையின் பக்கத்தில் வந்து பார்த்தார். காதுக்குப் பின்னால் தோல் இன்னும் சிவந்திருந்தது. அவள் உப்புக்காகப் போட்ட சத்தம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

“எடுக்கச் சொல்லுங்க மேடம்.”

“எடுத்துக்கலாம் அண்ணாச்சி. நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா? உள்ள இன்னும் என்னய மாதிரி ஆளுக கெடக்காவளே. அவங்களுக்கு யாரு சத்தம் போடுவா?”

“சத்தம் எதுக்கு? வரிசையாப் பாத்துரலாம்.”

மாசானம் டாக்டர் பக்கம் திரும்பினார். “எடுங்க சார்.”

“மேடம் கேட்டா இப்பவே எடுத்துருவேன்,” என்றார் டாக்டர் ரவூப். கருவி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“மேடம், கேளுங்க. ஒரு வார்த்த. கேளுங்கன்னா கேளுங்க!” மாசானம் அவள் இரண்டு கையையும் பிடித்து உலுக்கினார். பேச்சித்தாயும் கட்டின தொண்டையோடு கெஞ்சினாள். இவர்கள் இவ்வளவு ஆசைப்படும்போது மறுப்பானேன் என்று உலகம்மைக்குத் தோன்றியது. வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சரி டாக்டர், எடுத்துருங்க,” என்றாள்.

டாக்டர் கருவியைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றார். “விதிப்படி ஒண்ணு கேக்கணும் மேடம். சில பேரு வீட்டு ஆளுங்க வற்புறுத்தி எடுக்க வச்சு, அப்புறம் சங்கடமாயிட்டு. அதனால கேக்கச் சொல்லிருக்காங்க. நீங்களா விரும்பித்தானே கேக்கறீங்க?”

உலகம்மைக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. “இல்ல டாக்டர். இவங்க சொல்றாங்க, அதான்,” என்றாள்.

டாக்டர் ரவூப் தலையை ஆட்டினார். கருவியை அதன் பெட்டியில் வைத்து மூடினார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவள் நன்மைக்காக எழுதிய விதி அது. மாசானத்தின் கை முஷ்டியானது. அதைப் பேச்சித்தாய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் சுற்றிலும் பார்த்தார். டாக்டர், வாசலில் காவலர், நாற்காலியில் உலகம்மை, மூன்று பேரும் அவரை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கத் தோதாக ஒரு முகம் கூட அங்கே இல்லை.

அவர் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். “அக்கா, நீ ஊருக்குப் போ. இவங்களாக் கேக்க வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்,” என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து அழத் தொடங்கினார்.

உலகம்மைக்கு மனசு இளகியது. கீழே கிடந்த அவருடைய மூட்டையை எடுத்துத் தூசி தட்டி அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு, வெளியாட்கள் உள்ளே இருக்கும் நேரம் ஐந்து மணியோடு முடிந்துவிடுகிறது என்று அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னாள்.